பொட்டு வைத்த லைசென்ஸ்

கணவர் குணசேகரன் எழுந்திருப்பதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்த கலையரசி செவிலிமேட்டு வீட்டின் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அவருக்கு எழுதினாள். பேனா தாளைக் குத்திக்கொண்டு ஓடியது.

"இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. சட்னி அரைக்க மனசு வரலை, பொடி தொட்டுக்குங்க. கார் சாவியைத் தேடாதீங்க, எங்கிட்ட இருக்குது.

நாம சுத்திப் பாக்கப் போற நியூசிலாந்துல கேரவன் வண்டி வாடகைக்குக் குடுக்கறவங்க மெயில் போட்டுட்டாங்க. உங்க லைசென்ஸ்ல முகமே தெரியலையாம், ஒத்துக்க மாட்டாங்களாம். எப்படித் தெரியும்? வருசா வருசம் ஆயுத பூஜையில காருக்கு வெக்கிற பொட்டை லைசென்ஸுக்கும் வெச்சீங்க. வேணாம்னு சொல்லிக்கினே இருந்தேன், போன வாரம் பெயின்ட் தின்னர் ஊத்தித் துடைச்சீங்க. பொட்டோட மூஞ்சியும் போச்சு. இனிமே டூப்ளிகேட் வாங்கறதுக்குள்ள ஃப்ளைட் போயிடும்.

அதனால ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போறேன், என் பேர்ல இன்டர்நேஷனல் பர்மிட்டுக்கு எழுதிக் குடுக்க. கேரவனை நான்தான் ஓட்டப்போறேன். பக்கத்துல உக்காந்துக்கினு பிரேக்கு, பிரேக்குன்னு கத்தக்கூடாது."

தாளில் இடம் முடிந்துவிட்டது. கைப்பையிலிருந்த தன் லைசென்ஸை எடுத்துப் பார்த்தாள். படத்தில் பதினோரு வருடத்துக்கு முந்தைய முகம் பளிச்சென்று இருந்தது. தாளின் ஓரத்தில் நெருக்கி இன்னும் இரண்டு வரி எழுதினாள்.

"என் லைசென்ஸ்ல ஒரு கறை இல்லை. பதினோரு வருசமா ஒரு பூஜைக்குக்கூட அதை எடுத்துக்கினு வான்னு நீங்க கேட்டதே இல்லையே."