செல்விக்குப் பத்தாம் மாதம்

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இன்று காலை தராசில் கிடத்தினேன். மூன்று கிலோவுக்கு நூறு கிராம்தான் குறைவு. உதைத்த உதையில் எண் நிற்கவே இல்லை. சந்தோஷம் தாங்காமல் போனை எடுத்தேன்; விரல் உன் பெயருக்குத்தான் போனது. நீ இறந்துபோய் இரண்டு வருடமாகியும் உன் எண்ணை நான் அழிக்கவில்லை.

நாம் இருவரும் கிராம சுகாதாரச் செவிலியர்களாக ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரே ஸ்கூட்டரில் சுற்றியவர்கள். செல்வியின் முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, இரண்டு நாள்கூடத் தங்காமல் போனபோது துக்கம் கேட்கப் போனோமே. பப்பாளி தின்றதால் வந்த வினை என்று அவள் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். செல்வி தலை நிமிரவில்லை. நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கரும்புக்காட்டில் பகல் எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டாய். ஒதுங்க இடமில்லாததால் சாயங்காலம் வரை அவள் தண்ணீரே குடிப்பதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நீர் எரிச்சல் இருந்ததையும் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லையாம்.

"இதாலயும் முன்னாடியே வலி வரும்ங்க. இதேதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்தப் புள்ள மேல பழி போடாதீங்க" என்று மாமியாரிடம் சொன்னாய்.

திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டினாய். "ரத்தம் பாத்தோம், எடை பாத்தோம். தண்ணி குடிக்கிறியான்னு ஒருநாளும் கேக்கலையே" என்று அழுதாய்.

இந்த முறை மாதாமாதம் கேட்டேன். ஒருமுறை முன்னதாகப் பெற்றவளுக்கு மறுபடியும் அப்படி ஆகலாம் என்ற பயம் எனக்கு ஓயவே இல்லை. ரத்தமும் குறைவாக இருந்தது. எட்டாம் மாதம் தொடங்கியதும் அவளே போன் செய்தாள்: "அக்கா, எரியுதுங்க. அடிவயிறு விட்டுவிட்டு இழுக்குது."

ஆம்புலன்சில் நானும் ஏறிக்கொண்டேன். கிருமித் தொற்று என்றார் டாக்டர். மருந்தில் வலி அடங்கும்வரை அவள் என் கையை விடவில்லை. அதன்பின் ஒவ்வொரு வாரத்தையும் விரல்விட்டு எண்ணினோம். பத்தாம் மாதம் வந்த அன்று இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற பழக்கம் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. நாளைக்குக் கரும்புக்காட்டுக்கே போகிறேன். அங்கே நான்கு கர்ப்பிணிகள் வேலை செய்கிறார்கள். நிலத்துக்காரரிடம் பேசி அவர்கள் ஒதுங்க ஒரு மறைப்பு கட்ட வைத்திருக்கிறார் ஒருவர். யார் தெரியுமா? செல்வியின் மாமியார். தகரமும் ஓலையும்தான். ஆனால் கதவு இருக்கிறது, உள்ளே தாழ்ப்பாளும் இருக்கிறது.