மேஜைக்கு வந்தவை, வராதவை

மார்ச் 4, சனி

இந்த வாரம் மேஜைக்கு வந்தவை: கறுப்பு ஒன்பது, நீலம் நான்கு, சாம்பல் ஒன்று. அந்த ஒன்றும் பழைய மாடல், அதுவும் காபி கொட்டியது. காபிக்குக் கம்பெனி என்ன செய்யும்?

மகள் தொலைபேசியில் கேட்டாள், "எந்நேரமும் யாரோடப்பா எழுதிட்டே இருக்கீங்க?" விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. சாம்பல் நிற மூடி போட்ட லேப்டாப் செய்யும் கம்பெனியின் பங்குகளை வைத்திருப்பவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் மன்றம் அது. போட்டிக் கம்பெனிகளின் மூடி கறுப்பும் நீலமும். அந்த நிறங்கள்தான் அங்கே எங்களுக்குப் பெயர்கள். எல்லாரும் ஆண்டறிக்கையைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால் லேப்டாப்பைத் திறந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை நாலு மணிக்கு, என் கடைக்குப் பழுதாகி வந்தவை எந்த நிறத்தில் எத்தனை என்று எழுதுவேன். அங்கே என் பெயர் திருப்புளி.

"உங்களுக்கு அதுல என்ன லாபம்?" என்றாள். பங்கு கொஞ்சம் வைத்திருக்கிறேன் என்றேன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மார்ச் 11, சனி

கறுப்பு எட்டு, நீலம் ஐந்து, சாம்பல் பூஜ்யம். மன்றத்தில் ஒரே கொண்டாட்டம். பீரங்கி என்ற பெயரில் எழுதுபவர், கறுப்புக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்க வந்த ஒருவரை என் கணக்கைக் காட்டியே ஓட ஓட விரட்டினார்.

மார்ச் 14, செவ்வாய்

இன்று பிற்பகல் வரை யாரும் வரவில்லை. மூன்று மணிக்கு ஒரு பெண் எட்டிப் பார்த்து, "சார்ஜர் இருக்கா?" என்றாள். "இல்லை" என்று சொல்லத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. காலையிலிருந்து பேசாததால் குரல் அடைத்துப் போயிருக்கிறது. என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்டது.

அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. மனைவியைத்தான் சொல்கிறேன். இருந்தவரை, "வாயை மூடிட்டு வேலையைப் பாருங்க" என்பாள். இப்போது இரண்டும் நடக்கிறது, அவள் சொல்லாமலே. இல்லை, வாயை மூடுவது மட்டும்தான் நடக்கிறது. வேலை எங்கே இருக்கிறது?

மார்ச் 18, சனி

கறுப்பு ஏழு, நீலம் நான்கு, சாம்பல் பூஜ்யம்.

எழுதி முடித்த ஐந்தாவது நிமிடம், தூறல் என்ற பெயரில் எழுதுபவளிடமிருந்து தனிச் செய்தி. மருத்துவமனையில் நர்ஸ். உண்மைப் பெயர் தெரியாது, வயது முப்பதுக்கு மேல் இருக்கலாம். ஷிப்டு இடைவேளையில் எழுதுவாள். எப்போதும் முதல் வரி, "அண்ணா, சாப்டீங்களா?" வாரத்தில் ஒரு நாள் என்னை இப்படிக் கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான். நானும் ஒவ்வொரு முறையும், சாப்பிட்டேனோ இல்லையோ, "ஆச்சும்மா" என்று பதில் போட்டுவிடுவேன்.

இன்று கூடுதலாக ஒரு விஷயம் சொன்னாள். வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்தது மொத்தத்தையும் சாம்பல் பங்கில் போட்டிருக்கிறாளாம். "பெரிய பெரிய ஆளுங்க எழுதறது எனக்குப் புரியலண்ணா. உங்க கணக்கு மட்டும்தான் புரியுது. அதப் பாத்துதான் போட்டேன்."

பெருமையாக இருந்தது. மறைப்பானேன்? கடையை மூடிவிட்டு நடக்கும்போது யாரோ தோளில் கை போட்டு நடப்பது போல இருந்தது.

மார்ச் 27, திங்கள்

எங்கே ஆரம்பிப்பது?

ஒரு கறுப்புக்குத் திரை தேவைப்பட்டது. பழைய சாமான் வாங்கி விற்பவரின் கிடங்குக்குப் போனேன். போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பின்சுவர் ஓரம் ஆள் உயரத்துக்குக் குவியல். எல்லாம் சாம்பல். எல்லாமே புது மாடல்கள்.

"ஏன் சார் இப்படி முழிக்கிறீங்க? இது ரெண்டு வருஷமா வருது" என்றார் கிடங்குக்காரர். "கம்பெனியோட சர்வீஸ் சென்டர்லேர்ந்தே மூட்டை மூட்டையா வருது. பிரிக்க முடியாதே சார், ஸ்க்ரூவே கிடையாது, எல்லாம் பசை. உள்ள ஒண்ணு போனா மொத்தமும் போச்சு. வாரண்டி இருந்தா ஜனங்களுக்குப் புதுசு குடுத்துட்டு, பழச எடைக்குப் போட்டுர்றான்."

பசை என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆரம்பத்தில் புது சாம்பலை எடுத்துக்கொண்டு எத்தனை பேர் வந்தார்கள்! எல்லாரையும் வாசலிலேயே நிறுத்தி, "இத நம்மால திறக்க முடியாது, கம்பெனிக்கே கொண்டு போங்க" என்று அனுப்பினேன். மேஜைக்கு வராததால் கணக்கில் சேர்க்கவில்லை. வேலை எடுத்துக்கொண்டால்தானே கணக்கு? முப்பது வருஷப் பழக்கம். பிறகு அவர்கள் வருவதும் நின்றுபோனது. நின்றதை, பழுது நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதோடு நில்லாமல் வாராவாரம் தண்டோரா வேறு போட்டேன்.

குவியல் முன் நின்று எண்ணினேன். நூற்று நாற்பதில் நிறுத்திவிட்டேன். திரையை வாங்காமலே திரும்பி வந்தேன்.

மார்ச் 28, செவ்வாய்

நான் எண்ணிக்கொண்டிருந்தது சாம்பல் கம்பெனியின் தரத்தை அல்ல. என் கடைக்கு ஆள் வராததை.

கம்பெனி எத்தனை புது லேப்டாப் இலவசமாகக் கொடுத்திருக்கும்? இந்தக் காலாண்டு இல்லாவிட்டால் அடுத்த காலாண்டு, செலவு வெளியே வந்துதானே தீரும்? அன்றைக்கு விலை விழும். அது விழுவதற்குள் தூறல் வெளியே வந்தாக வேண்டும்.

முதலில் என் பங்கை விற்றுவிட்டு அப்புறம் எழுதலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. வந்ததை வந்ததாகவே எழுதி வைக்கிறேன். சீ என்று இருந்தது, ஆனால் வந்தது.

உண்மையில் பயம் பங்கைப் பற்றியது அல்ல. எழுதினால் திருப்புளி என்ற ஆளுக்கு அங்கே என்ன வேலை? அவன் சொன்னதெல்லாம் தப்பு என்று அவனே சொல்லிவிட்டால், சனிக்கிழமை யார் காத்திருப்பார்கள்? வேறு எந்தக் கிழமையிலும் இந்த உலகத்தில் யாரும் எனக்காகக் காத்திருப்பதில்லையே.

மார்ச் 29, புதன்

எழுதவில்லை.

ஏப்ரல் 1, சனி

கறுப்பு ஆறு, நீலம் மூன்று, சாம்பல் பூஜ்யம். அப்படியேதான் போட்டேன். மேஜைக்கு வந்தது அவ்வளவுதான். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை — இதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை.

பீரங்கி கைதட்டும் படங்களாகப் போட்டுத் தள்ளினார். தூறல் எழுதினாள்: "அண்ணா, சாப்டீங்களா? வர்ற செவ்வாய்க்கிழமை பேங்க்ல லோன் வருது. அதையும் இதுலயே போடப் போறேன். ஒரு ரூம் பெருசா கிடைக்கும்ல?"

பதில் போடவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

எழுதிவிட்டேன்.

ஒன்பது தடவை அழித்து அழித்து எழுதினேன். கடைசியில் சுருக்கமாகவே வந்தது. 'இரண்டு வருஷமாக நான் கொடுத்த கணக்கு தப்பு. புது சாம்பல்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன், அவற்றை எண்ணவில்லை. திங்கட்கிழமை ஒரு கிடங்கில் குவியலாகப் பார்த்தேன். நேற்றும் தெரிந்தே பழைய கணக்கைப் போட்டேன். என் பேச்சை நம்பி வாங்கியவர்கள் தயவுசெய்து யோசியுங்கள். என் பங்கை இன்னும் விற்கவில்லை.' தூறலுக்குத் தனியாக அதையே அனுப்பி, லோன் பணத்தைத் தொடாதே அம்மா என்றும் சேர்த்தேன்.

அப்புறம் பீரங்கி: "கறுப்புக் கம்பெனி எவ்வளவு குடுத்தான் திருப்புளி?" அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர், நான் கடையே வைத்திருக்கவில்லை என்றார். இன்னொருவர், கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்றார். இந்த ஒன்றுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. மறை கழன்றால் மாட்டத் தெரிந்த ஆளிடமே சொல்கிறாரே. மாலைக்குள் நான் எழுதியதை நீக்கிவிட்டு, இனி எழுத முடியாதபடி செய்துவிட்டார்கள். படிக்கவும் தனிச் செய்தி அனுப்பவும் மட்டும் அனுமதி.

மகள் பேசினாள். "குரல் ஏம்பா ஒரு மாதிரி இருக்கு?" சளி என்றேன்.

ஏப்ரல் 3, திங்கள்

தூறலிடமிருந்து ஒன்றும் இல்லை. படித்துவிட்டாள் என்று மட்டும் காட்டுகிறது.

ஏப்ரல் 4, செவ்வாய்

காலை ஆறு மணிக்குச் செய்தி. சாப்டீங்களா இல்லை, அண்ணா இல்லை.

"நேர்ல பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எண்ணினீங்களா?"

"நூத்தி நாப்பது வரைக்கும். அப்புறம் முடியல."

"சனிக்கிழமை உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் போட்டீங்க."

"ஆமாம்மா."

அதற்கு மேல் எதுவும் வரவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 8, சனி

மேஜைக்கு வந்தவை: — வேண்டாம். யாருக்காக எண்ணுவது?

ஏப்ரல் 20, வியாழன்

சாம்பல் கம்பெனியின் காலாண்டு முடிவு வந்தது. இலவசமாக மாற்றிக் கொடுத்த செலவே லாபத்தைச் சாப்பிட்டுவிட்டதாம். மதியத்துக்குள் விலை மூன்றில் ஒரு பங்கு காலி. மன்றத்தைத் திறந்து பார்த்தேன். நான் கிளப்பிவிட்ட புரளியால்தான் விழுந்தது என்று பாதிப் பேர். முதலிலேயே தெரிந்திருந்தும் மறைத்தேன் என்று மீதிப் பேர். பின்னவர்கள் சொல்வதில் ஒரு வாரம் அளவுக்கு உண்மை இருக்கிறது. பீரங்கி ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் எவ்வளவு போட்டிருந்தாரோ. என்னதான் வாய் நீளம் என்றாலும் பாவமாக இருந்தது.

என் பங்கும் அதோடு விழுந்தது. ஏன் விற்கவில்லை? ரோஷமா, சோம்பலா, தண்டனையா? தெரியவில்லை.

தூறல்? விற்றாளா? கேட்க எந்த முகத்தோடு கேட்பது?

ஏப்ரல் 22, சனி

அவளே எழுதினாள். முழுதாக இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன், அங்கே இருக்காது.

"அண்ணா, அன்னிக்கு செவ்வாய்க்கிழமையே எல்லாத்தையும் வித்துட்டேன். கோவத்துல உங்களுக்குச் சொல்லல. லோனையும் வேண்டாம்னுட்டேன். நேத்து வீட்டுக்கு முன்பணம் குடுத்தாச்சு. ரெண்டே ரூம்தான், ஆனா ரெண்டுலயும் ஜன்னல் இருக்கு. பங்கு இல்லாம இங்க எனக்கு வேலை இல்ல, கணக்க மூடறேன். இதெல்லாம் இனிமே பாக்கவே கூடாதுன்னு வீட்டுக்காரருக்கு வாக்கு குடுத்திருக்கேன். நீங்க சொல்லலைன்னா நாங்க தெருவுல நின்னுருப்போம். உடம்பப் பாத்துக்குங்க."

சந்தோஷம். இரண்டு ஜன்னலும் எனக்கே கிடைத்தது போல சந்தோஷம். உடனே பதில் எழுதினேன். எழுதி அனுப்புவதற்குள் அவள் பெயர் இருந்த இடத்தில், 'இந்தக் கணக்கு இப்போது இல்லை' என்று வந்தது.

பங்கு இருந்தது, வந்தாள். பங்கு போயிற்று, போனாள். காப்பாற்றியதும் நான்தான், அனுப்பி வைத்ததும் நான்தான். நியாயம்தானே? நியாயம் என்பதற்காக வலிக்காமல் இருக்குமா? ஊர்கூடக் கேட்டு வைக்கவில்லை, மடையன்.

மே 6, சனி

கடை திறந்தேன். மூடினேன்.

மே 13, சனி

கிடங்குக்காரர் பத்து செத்த சாம்பல்களைச் சும்மாவே கொடுத்தார். "உடைச்சு உடைச்சுப் பழகுங்க சார். உங்களுக்கே வரலைன்னா வேற எவனுக்கு வரும்?" வாசலில் திருப்பி அனுப்பியவர்களுக்கு இப்போதாவது ஒரு வழி சொல்ல வேண்டாமா? சூடேற்றும் தட்டு ஒன்று வாங்கினேன். நாலு மூடி உடைந்தது. விரலில் ஒரு கொப்புளம்.

மே 24, புதன்

ஏழாவது மூடி கீறல் விழாமல் வந்தது! சட்டென்று திரும்பிப் பார்த்தேன், காட்டுவதற்கு. சுவர்தான் இருந்தது. சுவரிடமே காட்டினேன்.

ஜூன் 3, சனி

ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். பணி முடிந்து சீருடையோடு, அக்குளில் ஒரு புது சாம்பலை இடுக்கிக்கொண்டு. வாரண்டி முடிந்து இரண்டே மாதத்தில் படுத்துவிட்டதாம். "எல்லாக் கடையிலயும் வாசலோட அனுப்பிட்டாங்க. நீங்களாவது உள்ள விடுங்க சார்."

உள்ளே விட்டேன். பசை இளகக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றேன். இந்த இடத்தில் என் வாயில் பழகிப்போன வாக்கியம், வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க. இத்தனை வருஷமாக ஒருவரையும் கடையில் உட்கார வைத்ததில்லை. கூட ஆள் இருந்தால் கை ஓடாது என்பேன். இன்று ஏனோ, நாற்காலி மேல் இருந்த அட்டைப் பெட்டிகளைத் தரையில் இறக்கிவிட்டு, "அவசரம் இல்லைன்னா உக்காருங்களேன்" என்றேன்.

உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு ஆரம்பித்துவிட்டார். பதினெட்டு வருஷமாக ஒரே தடத்தில் வண்டி ஓட்டுகிறார். தினமும் காலை ஒரு நிறுத்தத்தில் ஏறி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கும் ஒரு அம்மாளைப் பற்றிச் சொன்னார். நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாத தூரம். ஏன் ஏறுகிறாள் என்று ஒரு நாள் கேட்டேவிட்டாராம்.

நாற்பதாவது நிமிடம் மூடி பிசிறில்லாமல் கையோடு வந்தது. ஒரு இணைப்பு விலகியிருந்தது, அவ்வளவுதான், அழுத்தியதும் உயிர் வந்துவிட்டது. அவர் கதையில் அந்த அம்மாள் இன்னும் பதில் சொல்லவில்லை.

திரையை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், நீங்க சொல்லுங்க" என்றேன்.