பதினான்கு அங்குலத்துக்கு ஒரு சுற்று

பிரிட்டோரியா
14 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்கா,

ரஸ்க் டப்பா வந்து சேர்ந்தது. அடியில் இருந்த பாதி தூளாகிவிட்டது. நடுவில் செய்தித்தாளைச் சுருட்டி வை என்று போன தடவையே எழுதியிருந்தேன். தூளையும் காபியில் போட்டுத் தின்றுவிட்டேன், அது வேறு விஷயம்.

உன் கேள்விக்கு வருகிறேன். புதுத் துப்பாக்கிக் குழலுக்குள் வெட்டும் புரி பன்னிரண்டா, பதினான்கா? பதினான்கு.

நீ இருபது வருஷமாகச் சுடுகிறாய், தெரியாததில்லை. ஆனாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு என்றால் குழலுக்குள் பன்னிரண்டு அங்குலம் போவதற்குள் குண்டு ஒரு முழுச் சுற்று சுற்றிவிடும். பதினான்கு என்றால் அதே சுற்றுக்குப் பதினான்கு அங்குலம், அதாவது சுழற்சி மெதுவு. சுழற்சி போதாவிட்டால் குண்டு தள்ளாடும். கூடிப்போனால் குண்டின் செய்நேர்த்தியில் இருக்கும் சின்னக் கோளாறெல்லாம் பெரிதாகித் தொள்ளாயிரம் மீட்டரில் சிதறும். தேவைக்கு மட்டும் சுற்ற வேண்டும். நீ எடுத்திருக்கும் அந்தப் புது நீளக் குண்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிலைப்பு எண் ஒன்றுக்குக் கீழே போனால் குண்டு புரளும். உனக்கு ஒன்று புள்ளி மூன்று ஆறு வருகிறது. தாராளம்.

துப்பாக்கி வேலை செய்கிற லோரன்ஸ் மாமா, எதற்கும் பன்னிரண்டே இருக்கட்டும் என்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அந்த 'எதற்கும்' என்பது கணக்கு இல்லை, பயம். இரண்டு தடவை ஒரே ஒரு புள்ளியில் தேசிய அணியைக் கோட்டை விட்டாய். அந்த ஒரு புள்ளி இந்தக் குழலில் இருக்கிறது. திங்கட்கிழமையே ஆர்டர் கொடு. வந்து சேர ஐந்து மாதம் ஆகும். எனக்கும் அதே மாதிரி ஒன்று சேர்த்துச் சொல்லிவிடு.

உன் தம்பி,
வைனன்ட்

*

வின்பர்க்
2 மார்ச் 1997

என் பிரியமுள்ள தம்பிக்கு,

நலம். நலமா என்று கேட்டால் நீ பதில் எழுத மாட்டாய், அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் அத்தான் கூஸுக்கு முழங்கால் வலி. ஆனால் டிராக்டரை வேறு யாரும் தொடக் கூடாது. சோளம் ஆளுயரம் நிற்கிறது. மார்லி பள்ளி விடுதியிலிருந்து வாரம் ஒரு கடிதம் போடுகிறாள். மாமனைப் போல இல்லை.

குழலைப் பூட்டிச் சுட்டுப் பார்த்துவிட்டேன். நேற்று புளூம்ஃபொன்டெய்னில் தொள்ளாயிரம் மீட்டரில் பத்துக் குண்டுக்கும் ஐந்தைந்து புள்ளி, ஐம்பதுக்கு ஐம்பது. எட்டு குண்டு நட்ட நடு வளையத்தில். வெயில் முப்பத்து நாலு டிகிரி. லோரன்ஸ் மாமா இலக்குப் பலகையைத் தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். அப்புறம், "உன் தம்பி தலைக்கனம் பிடிச்சவன்தான், ஆனா தலைக்குள்ள ஏதோ இருக்கு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. கிளப்பில் இன்னும் மூன்று பேர் உன் கணக்கை நம்பிப் பதினான்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்.

தேசிய அணியின் கடைசித் தேர்வுக்கு இருபத்து நாலு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நானும் ஒருத்தி. போட்டிக்கு இங்கிலாந்து போவது பதினாறு பேர். எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது, வைனன்ட். அடுத்தது நாலு வருஷம் கழித்து. அப்போது கண் இருக்குமோ, தோள் இருக்குமோ. அதனால் இந்த ஒரு தடவை.

ஒரு சந்தேகம். தேர்வு ஜூலையில், கேப் டவுன் பக்கம். நல்ல குளிர், கடலோரம். நம் ஊர் உயரமும் இல்லை, வெயிலும் இல்லை. அங்கேயும் இதே குழல், இதே குண்டு போதுமா? தொலைபேசியில் கேட்டால் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அதே லைனில் காது வைத்துக் கேட்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா ஹெஸ்டர்

*

பிரிட்டோரியா
21 மார்ச் 1997

அக்கா,

வேலை தலைக்கு மேல். சுருக்கமாக எழுதுகிறேன். போதும். ஐம்பதுக்கு ஐம்பது எடுத்த பிறகும் சந்தேகமா? துப்பாக்கிக்கு ஊர் தெரியாது. போய்ச் சுடு.

வை.

*

வின்பர்க்
23 ஜூலை 1997

தம்பி,

நான் அணியில் இல்லை. யாராவது சொல்லியிருப்பார்கள், ஆனாலும் நானே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் காலை ஆறு டிகிரி. விரல் மரத்துப்போயிருந்தது, அது பரவாயில்லை. நம் ஜூலையிலும் மரக்கும். மூன்றாவது குண்டே மூன்று புள்ளி வளையத்துக்குப் போனது. கொடிகளைப் பார்த்தேன், அசையவே இல்லை. நாலாவது நடுவில். ஐந்தாவது இரண்டுக்கு. நான் ஒன்றும் மாற்றவில்லை, தம்பி. மூச்சு, விரல், தோள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. மறுநாள் நாற்பது.

பலகையை இறக்கி ஓட்டை அடைக்கிற மனிதர் குழிக்குள்ளிருந்து ரேடியோவில் சொன்னார்: "ஒன்பதாம் பலகையில ஓட்டை வட்டமா இல்லீங்க. முட்டை மாதிரி இருக்கு." அது என் பலகை, எல்லார் காதிலும் விழுந்தது.

திரும்பி வரும்போது உன் அத்தான் ஓட்டினார். நூறு மைலுக்கு ஒரு தடவை காபி வேண்டுமா என்று கேட்டார்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. குழலாக இருக்குமா என்று மட்டும் பார்த்துச் சொல். எனக்குத் தெரிய வேண்டும்.

ஹெஸ்டர்

*

பிரிட்டோரியா
1 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அக்கா,

வருத்தம்தான். ஆனால் மழுப்பி எழுத எனக்கு வராது.

குழல் இல்லை. அதே குழல் மார்ச்சில் ஐம்பது எடுத்தது. எஃகு நாலு மாதத்தில் மாறாது. ஓட்டை முட்டையாக இருந்தது என்றால் ஈரக் காகிதம் அப்படித்தான் கிழியும். கொடி அசையவில்லை என்கிறாய். கடலோரக் காற்று கொடியில் தெரியாது, கானல் நெளிவில்தான் தெரியும், அந்தக் குளிரில் கானலும் இராது. நீ வளர்ந்தது மேட்டு நிலத்துக் காற்றில், அந்தக் காற்று உனக்குப் பிடிபடவில்லை. அதை ஒத்துக்கொள். கண்ணையும் ஒரு தடவை காட்டு. நாற்பதுக்கு மேல் எல்லாருக்கும் குறைகிறது, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கருவியைக் குறை சொல்ல ஆரம்பித்தால் அடுத்த தடவையும் தோற்பாய். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

வைனன்ட்

*

பிரடாஸ்டார்ப்
28 ஜூன் 1998

அன்புள்ள அக்கா,

பதினோரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கிறிஸ்துமஸ் அட்டையில் அத்தான் கையெழுத்து மட்டும் இருந்தது. கோபம் தணியட்டும் என்று விட்டுவிட்டேன். நான் செய்ததில் அதுவும் ஒரு தப்பு.

ஏப்ரலிலிருந்து இங்கே கடலோர ஆயுதச் சோதனைத் தளத்தில் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை தளம் சும்மா கிடந்தது. உன்னுடையதோடு சேர்த்து வாங்கிய என் குழலை எடுத்துக்கொண்டு போனேன். அதே புரி, அதே நீளக் குண்டு. காலை ஐந்து டிகிரி. தொள்ளாயிரம் மீட்டரில் இருபது குண்டு சுட்டுவிட்டு நடந்து போய்ப் பலகையைப் பார்த்தேன். வட்டமாக ஏழு. மற்றதெல்லாம் முட்டை, குண்டு சாய்ந்து போய்த் துளைத்த ஓட்டை. ஒரு வாரமாக இங்கே மழை இல்லை, அக்கா. காகிதம் அப்பளம் போலக் காய்ந்திருந்தது.

காகிதத்தைப் பலகையிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டேன்.

அறைக்கு வந்து பழைய நோட்டை எடுத்தேன். உயரம் என்ற இடத்தில் நம் ஊர் உயரத்தைப் போட்டிருக்கிறேன். வெப்பம் என்ற இடத்தில் நம் ஊர் ஜனவரி வெயில். நம் மேட்டில் காற்று மெலிசு, குண்டு லேசாகச் சுற்றினாலும் நிமிர்ந்து பறக்கும். கடல் மட்டத்தில், குளிரில், காற்று கனம். குண்டைப் பிடித்து ஆட்டிவிடும். அந்த இரண்டு எண்ணையும் மாற்றிப் போட்டேன். ஒன்று புள்ளி பூஜ்யம் ஏழு. விளிம்பு. பன்னிரண்டு போட்டிருந்தால் ஒன்று புள்ளி நாலுக்கு மேல் நின்றிருக்கும், நீ இங்கிலாந்து போயிருப்பாய்.

படிப்பு முடித்த ஒருவன் செய்யக்கூடாத தப்பு இது. அதைவிட மோசம், நீ மார்ச்சில் இதையே கேட்டாய். உயரம் இல்லை, வெயில் இல்லை, போதுமா என்று ஒரே வரியில் கேட்டாய். எனக்குக் கணக்குப் போட ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் உனக்கு ஒரு வசனம் எழுதி அனுப்பினேன். அப்புறம் உன் கண்ணைப் பற்றி எழுதினேன்.

துப்பாக்கி சுடும் சங்கத்துக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். தப்பு உன் கையில் இல்லை, என் தாளில் என்று. நீ சரி என்று ஒரு வார்த்தை சொல். புதுக் குழலும் நானே வாங்கி அனுப்புகிறேன், பன்னிரண்டு.

மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

உன் தம்பி,
வைனன்ட்

*

வின்பர்க்
19 ஜூலை 1998

வைனன்ட்,

கடிதம் கிடைத்தது. உனக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா? மார்பில் கம்பளி போட்டுக்கொள்.

சங்கத்துக்கு எழுத வேண்டாம். குழலும் வேண்டாம். போன ஆகஸ்டிலேயே லோரன்ஸ் மாமா தன்னிடம் இருந்த பன்னிரண்டைப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவர் அன்றைக்கே சொன்னார், இது சுற்று போதாத குறைதான் என்று. கிளப்பில் மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் போய், கடலோரம் சுடப் போவதாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். யார் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. நம் ஆட்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கேப் டவுனிலேயே தேர்வாளர்கள் கேட்டார்கள். "குழல் யார் சொல்லிப் போட்டது?" என்று நேராகவே கேட்டார்கள். குழலில் ஒன்றும் இல்லை, காற்றை நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொன்னேன். நீ அப்போதுதான் அந்தத் தளத்து வேலைக்கு மனுப் போட்டிருந்தாய். அவர்களில் ஒருவருக்கு அங்கே ஆள் தெரியும்.

அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரம் கழித்து உன் கடிதம் வந்தது. நான் பொய்யாகச் சொன்னதையே நீ நிஜமாக எனக்கு எழுதியிருந்தாய்.

எண் தப்பாகப் போனதில் எனக்குக் கோபம் இல்லை. யாருக்கும் போகும். உனக்கு நான் என்ன எழுதினாலும் உன்னிடம் பதில் தயாராக இருக்கும் என்று தோன்றிவிட்டது. அதனால் எழுதவில்லை. இப்போதும் பெரிதாக எழுத ஒன்றும் இல்லை.

சனிக்கிழமைகளில் கிளப்பில் சுடுகிறேன். அடுத்த தேர்வுக்குப் போகப் போவதில்லை. அதை நானே முடிவு செய்தேன், உன்னால் இல்லை. அதனால் அதையும் தூக்கி உன் தலையில் வைத்துக்கொள்ளாதே.

ஹெஸ்டர்

*

பிரடாஸ்டார்ப்
11 அக்டோபர் 1998

அன்புள்ள அக்கா,

ஆகஸ்டில் ஒரு கடிதம், செப்டம்பரில் ஒன்று போட்டேன். கிடைத்திருக்கும். பதில் வராததைக் குறையாகச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை நான் கிளப்புக்கு வந்ததில் உனக்கு ஆச்சரியம் இருந்ததா என்று உன் முகத்தில் தெரியவில்லை. பத்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவனைப் பார்த்து "சாப்பிட்டியா?" என்றாய். காபி ஊற்றிக் கொடுத்தாய். மழை, அத்தானின் முழங்கால், மார்லியின் பரீட்சை எல்லாம் சொன்னாய். எனக்கு நாலு துண்டு உப்புக்கண்டம் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாய். ஒன்றிலும் குறை இல்லை. வெளியூர்ப் பாதிரியார் வந்தாலும் நீ அப்படித்தான் கவனிப்பாய்.

நீ படுத்துச் சுடுவதை இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். ஒரு குண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நீ எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறாய். நான் அதையெல்லாம் வீண் நேரம் என்று நினைத்திருந்தேன்.

சுட்டு முடித்து எழுந்து வந்தாய். நானும் லோரன்ஸ் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். இந்தக் குழலில் ஆயிரத்து எண்ணூறு குண்டு ஆகிவிட்டது, புரி ஆரம்பிக்கிற தொண்டை தேய்ந்திருக்குமா, குண்டைத் தோட்டா உறையிலிருந்து இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் பொருத்தலாமா என்று கேட்டாய். அவரிடம் கேட்டாய். அவர் மோவாயைச் சொறிந்துகொண்டு, பார்க்கலாம்மா, அடுத்த வாரம் கொண்டு வா என்றார்.

எனக்கு விடை தெரியும். எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. உனக்குத் தோன்றவே இல்லை, அதைத்தான் பார்த்தேன்.

வழியெல்லாம் அதுதான். இப்போதும் அந்த விடையை இங்கே எழுதப் போவதில்லை. நீ கேட்கவில்லை.

என்றைக்காவது ஏதாவது கேள், அக்கா. சின்னதாக இருந்தாலும் சரி. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுகிறேன்.

தம்பி
வைனன்ட்