ஒரே பொண்ணா, அக்கா?

அக்கா,

களமருதூரில் உன் வீட்டிலிருந்து வந்து இத்தனை நாளாகியும் என் கோபம் ஆறவில்லை. பெரியவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "எங்களுக்கு ஒரே பொண்ணுதாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, அப்போது உன் சின்ன மகளைப் பின்னறையில் வைத்துப் பூட்டியிருந்தாய்.

அவர்கள் போனதும் நான்தான் கதவைத் திறந்தேன். பிறந்ததிலிருந்தே கைகால் விறைத்த பிள்ளை, சுவரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வாய் குழற, "சித்தி, நா... இல்லியா?" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் புரியாது என்று யார் உனக்குச் சொன்னது?

அரசுப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கைப்பயிற்சி கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். என் அக்கா மகள் பூட்டிய அறையில் கிடக்கிறாள். நேற்று வெள்ளிமலைப் பள்ளியில், இவளைப் போலவே கை விறைத்த வெண்ணிலா, தடித்த பிடி போட்ட கரண்டியால் சத்துணவைத் தானே எடுத்துச் சாப்பிட்டாள். பாதி மடியில் சிந்தியது. அவள் அம்மா வகுப்பு வாசலில் நின்று, "எம் பொண்ணு தானா சாப்புடுறா, வந்து பாருங்க!" என்று எல்லோரையும் கூப்பிட்டாள். எனக்கு உன்மேல்தான் ஆத்திரம் பொங்கியது.

அவளைப் பள்ளிக்கு அனுப்பு என்று போனில் சொன்னால், "பெரியவ கல்யாணம் நின்னா நீ பொறுப்பேத்துக்கிறியா? இவ பள்ளிக்கூடம் போயி இன்னா பண்ணப் போறா?" என்கிறாய்.

உங்கள் தெருப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன். திங்கட்கிழமை அவளுக்கேற்ற நாற்காலியோடு வருகிறேன். அவளுக்குத் தலைவாரி, நல்ல உடை போட்டு வை. முன்வாசல் வழியாகத்தான் அழைத்துப் போவேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அதற்குள் நீயே சொல்லிவிடு. இல்லையென்றால் நான் சொல்வேன்.

உன் தங்கை