அவள் அழாத அத்தியாயம்

அம்மா,

அந்த நாட்குறிப்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அழவைத்ததால் இல்லை. நேயர்களின் வாழ்க்கையை நாடகமாக்கும் எங்கள் தொலைக்காட்சித் தொடருக்கு வாரம் நூறு நாட்குறிப்புகள் வருகின்றன. எல்லாவற்றிலும் யாராவது அழுகிறார்கள். சனிக்கிழமை ஹாங்காங்கில் நீங்கள் பார்த்தது, நான் எழுதிய அத்தியாயம். அது தனித்து நின்றதென்றால், அதில் வரும் மகள் அழாததால்தான்.

வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு ஆறு வருடம் கழித்து ஊர் திரும்பும் தாய், மணிலா விமான நிலையத்தில், தான் மகளுக்குப் பரிசுப் பெட்டியில் அனுப்பிய பச்சைச் சட்டையைத் தேடுகிறாள். மகளுக்கு அது சிறிதாகிவிட்டது. போட்டிருப்பவள் அவளுடைய சித்தி மகள். தாய் அவளையே தன் மகளென்று கட்டிக்கொள்கிறாள்.

"பெத்தவளுக்குப் பிள்ளையத் தெரியாமப் போகுமா? நீ என்ன, அம்மா இல்லாம வளந்தவளா?" என்றார் இயக்குநர்.

"மக சிரிச்சுக்கிட்டே அம்மாவோட பெட்டி வண்டியத் தள்ளட்டும் சார்" என்றேன்.

யாருடைய நாட்குறிப்பு என்று கேட்டிருந்தீர்கள். பெயர்களை மாற்றுவது எங்கள் வழக்கம். சித்தி மகள் ரோவேனா அன்று விமான நிலையத்தில் உங்களிடம் சொன்னதை மட்டும் நான் மாற்றவில்லை: "பெரியம்மா, உங்க பொண்ணு நான் இல்ல. இந்தா நிக்கிறாளே, இவதான்."

டிசம்பருக்குப் பெட்டி அனுப்புவீர்கள். இன்று காலை தையற்கடைக்குப் போய் என் சட்டை அளவு எடுத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள்