இலையை மடிக்கும் வேலை

ஜூன் 4, புதன்

விடுமுறையிலும் எனக்கு வேலை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் ஒரு கடையில் வாழையிலைச் சாப்பாடு. வித்யா சித்தி கல்யாணம் செய்துகொள்ள நினைக்கும் ஷங்கரும் அவருடைய அப்பா ஞானசேகரனும் வருகிறார்கள். அந்த அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்தவராம். அவர் சரி என்றால்தான் கல்யாணம். முப்பது வயதுக்காரர்கள் இரண்டு பேர் அனுமதிக்குக் காத்திருக்கிறார்கள்!

என் வேலை, என் தம்பி தங்கை, மூன்று வயது இரட்டையர் வருணையும் வர்ஷாவையும் நாற்காலியில் உட்கார வைப்பது. போன மாதம் காத்தோங்கில் ஒரு கடையில், வர்ஷா பக்கத்து மேசைக்காரரின் இறாலை எடுத்து நக்கிவிட்டுத் திருப்பி வைத்தாள். வருண் அவரிடம், "தேங்க்யூ சொல்லுங்க" என்றான்.

"ஃபோன் குடுத்துடலாமே?" என்றேன்.

"சாப்பிடுற இடத்துல ஃபோன் பார்த்தா அவருக்கு ஆகாதாம். ரெண்டு மணி நேரம்தான் கவி, ப்ளீஸ் லா," என்றார் சித்தி.

ஜூன் 5, வியாழன்

நூலகத்தில் குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்று எடுத்தேன். எழுதியவருக்குக் குழந்தை இருக்காது என்று சந்தேகம். ஆனாலும் ஒரு யோசனை பிடித்தது: மேசையில் குழந்தைக்கு ஒரு பொறுப்பு கொடுக்க வேண்டும்.

சாப்பிட்டதும் இலையை மடிப்பது! பழைய செய்தித்தாளை இலையாகப் போட்டுப் பழக்கினேன். "நம்ம பக்கமா மடிக்கணும். அப்பதான் சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம்." எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில் மட்டும் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. மூன்று வயதுக்கு அது அதிகம்.

ஜூன் 7, சனி

வீட்டில் உள்ள எல்லாவற்றையும் மடிக்கிறார்கள். அப்பா கொடியில் காயப்போட்ட சட்டை உட்பட. நான் ஒரு மேதை.

ஜூன் 8, ஞாயிறு

ஐயோ.

முதல் அரை மணி நேரம் அற்புதம். அப்பளம் தின்றார்கள், இலையை மடித்தார்கள், பரிமாறும் அண்ணன் உடனே எடுத்துப் போனார். மடித்தால் மறைந்துவிடுகிறது! இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். எதிரே ஞானசேகரன் அங்கிள் ரசம் கேட்கத் திரும்பினார். வருண் மேசைமேல் ஏறினான், பின்னாலேயே வர்ஷா. நான் சொல்லிக்கொடுத்தபடியே அவருடைய இலையைத் தங்கள் பக்கமாக மடித்தார்கள். அவர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் இலை போய்விட்டது. அதோடு மீன் தலையும்.

அவர்கள் பக்கம் என்றால் அவருக்கு எதிர்ப்பக்கம். கல்யாணப் பேச்சில் சாவு வீட்டு மடிப்பு. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"பாதிதான் சாப்பிட்டேன்," என்றார் அங்கிள்.

யாராவது விளக்க வேண்டுமே. "அங்கிள், அவங்க சரியாத்தான் மடிச்சாங்க. நீங்கதான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கீங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினார். அங்கிள் கை கழுவப் போனார். அப்புறம் கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அங்கிளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மேசையைத் தாளில் வரைந்து பார்த்தேன். திசையைப் பற்றி நான் சொன்னது சரிதான். ஆனால் சித்தி அழுதுகொண்டிருக்கும்போது திசையை வைத்து என்ன செய்வது? ஏன்டி கவி வாயைத் தொறந்தே? உன்ன யாரு கேட்டா?

ஜூன் 14, சனி

ஷங்கர் வந்திருந்தார். "அப்பா காப்பிக்கடைல எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்றாரு. 'நான்தான் தப்பான பக்கம் உட்கார்ந்தேனாம், அந்தப் பொண்ணு சொல்லுது'ன்னு."

"சிரிச்சுக்கிட்டு சொல்றாரா, கோபமாவா?" என்று சித்தி கேட்டார்.

"தெரியல லா. ரெண்டுக்கும் அவருக்கு ஒரே முகம்தான்."

ஜூன் 17, செவ்வாய்

ஞானசேகரன் அங்கிளே அம்மாவை ஃபோனில் கூப்பிட்டார். கல்யாணத் தேதி பேச வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை, அதே கடை. மேசைக்குச் சொல்லிவிட்டாராம். நாங்கள் எல்லாரும் எதிர் வரிசையில். குழந்தை நாற்காலி இரண்டும் அவர் வரிசையில், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று.