ஐந்தாவது ஆட்டமும் கோட்டைப் படமும்

பீலெஃபெல்ட்
16.09.2025

அன்பின் வின்சன்ற் அவர்களுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி? துறைமுகக் கிடங்கில் பாரம் தூக்காதீர்கள் என்று சொன்னால் கேட்பீர்களோ தெரியாது. நான் சுகம். முதியோர் இல்லத்தில் ஆள் பற்றாக்குறை, அவ்வளவுதான்.

ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எதை எழுதினாலும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். நீங்கள் ஹம்பேர்க் போன இந்த மூன்று வருடத்தில் அந்த விரலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவேயில்லை.

உங்கள் கழகம் அரையிறுதியில் தோற்றதை இணையத்தில் பார்த்தேன். ஏன் தேடிப் பார்த்தேன் என்றும் தெரியவில்லை. நீங்கள் இந்த வீட்டில் இருந்தவரை பேஸ்போல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குத் தலையிடிக்கும். ஆனால் ஞாயிறு பின்னேரம் மனம் ஒரு மாதிரி இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

அதற்கு முதல்நாள், என்னோடு வேலை செய்யும் சியாமளா ஒரு படத்துக்குக் கூட்டிப் போனாள். வாளும் குதிரையும் கோட்டையுமாக எழுநூறு வருடத்துக்கு முந்திய கதை. சண்டைக்குப் போனவன் பதினொரு வருடம் கழித்துத் தாடியும் காயமுமாகத் தன் கோட்டைக்கே வருகிறான். மனைவி அவனுடைய காலைக் கழுவி, கூழ் கொடுத்து, கிழக்குப் பக்கம் நல்ல பாதை இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். அவனும் ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறான். படம் முடிந்தது. டிராமில் சியாமளா, "பாவம், அவவுக்கு ஆளைத் தெரியேல்லை அக்கா" என்றாள். "தெரிஞ்சிருக்கும்" என்றேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாளாக மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது.

இன்னொன்று. விவாகரத்து விண்ணப்ப விஷயமாக வழக்கறிஞரைச் சந்திக்க ஒக்டோபர் 20இல் டேர்மின் கிடைத்திருக்கிறது. உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
கிரிஜா


ஹம்பேர்க்
24.09.2025

அன்பின் கிரிஜாவுக்கு,

உறையில் உம்முடைய கையெழுத்தைக் கண்டதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்துபோனேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

நீர் ஆட்டத்தைப் பற்றி எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். முதல் இரண்டு ஆட்டத்திலும் நாங்கள்தான் வென்றோம். ஐந்தில் மூன்று வென்றால் இறுதிப்போட்டி. அடுத்த இரண்டையும் கோட்டை விட்டோம். ஐந்தாவதுக்கு ஆறு மணித்தியாலம் ரயிலில் தெற்கே போனேன். கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால். இன்னும் ஒரேயொரு ஆளை வெளியேற்றினால் போதும். பந்து உயரப் போனது. சின்னப்பிள்ளைகூடப் பிடிக்கும் பந்து. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மற்றவன் பிடிப்பான் என்று நினைத்து இரண்டு பேருமே நின்றுவிட்டார்கள். நடுவில் புல்லில் விழுந்தது. எதிரணி இரண்டு ஓட்டம் ஓடி முடித்துவிட்டது.

எல்லோரும் எழும்பிப் போன பிறகும் நான் புள்ளித்தாளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒருவருடைய கையிலும் படாத பந்து, விதிப்படி ஒருவருடைய பிழையும் இல்லை. அடித்தவனுக்கு நல்ல அடி என்றுதான் குறிக்கவேண்டும். எனக்குக் குறிக்க மனம் வரவில்லை. அந்தக் கட்டம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

அந்தப் படம் இங்கேயும் ஓடுகிறது. கிடங்கில் என்னோடு நிற்கும் டக்ளஸைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.

வின்சன்ற்


பீலெஃபெல்ட்
30.09.2025

அன்பின் வின்சன்ற் அவர்களுக்கு,

கடிதம் முழுக்கப் பந்து. டேர்மினைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோபத்தில் இதை எழுதவில்லை. என்னுடைய கோபம் எங்கே போனது என்றுதான் நானும் தேடுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் எனக்குக் கர்ப்பப்பை ஒப்பரேசன் நடந்த அன்று நீங்கள் மட்ச் பார்க்கப் போனீர்கள். கண் விழித்தபோது பக்கத்தில் சியாமளாதான் இருந்தாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் நானும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, நீங்களும் கதைக்கவில்லை. பிறகு ஹம்பேர்க்கில் வேலை என்று பெட்டியைக் கட்டினீர்கள்.

ஏன் போனீர்கள்? இரண்டு தரமும்.

கிரிஜா


ஹம்பேர்க்
08.10.2025

அன்பின் கிரிஜாவுக்கு,

இரண்டு தரமும் நீர்தான் போகச் சொன்னீர். ஹம்பேர்க் வேலையைச் சொன்னபோதும் "போங்கோ" என்றுதான் சொன்னீர். ஒப்பரேசன் அன்று காலை, "இஞ்ச இருந்து என்ன செய்யப்போறியள், போங்கோ" என்றீர். நான் நின்றால் உமக்கு எரிச்சல் என்று நினைத்தேன். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இதை உமக்கு இதுவரை சொல்லவில்லை. தரிப்பிடத்தில் அரை மணித்தியாலம் நின்றேன். திரும்பி வந்தால் "ஏன் வந்தனீங்கள்" என்று கேட்பீரோ என்று பயம். அடுத்த பஸ்ஸில் ஏறி மைதானத்துக்கே போனேன். பத்து வருடத்து ஆட்டங்களை வரிசையாகச் சொல்லக்கூடிய எனக்கு அன்று யார் வென்றார்கள் என்று ஞாபகமில்லை.

படம் பார்த்தோம். முதல் பாதி எனக்குச் சிரிப்பு. சேற்றில் புரண்டு சண்டை பிடிக்கிறவனுக்குப் பல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. கடைசியில் சிரிப்பு நின்றுவிட்டது. டக்ளஸ், "வாயைத் திறந்து பேரைச் சொல்லன்ரா, விசரா!" என்று கத்த, முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது எஸ்-பான் ரயிலிலும் தர்க்கம்தான். "அவவுக்குத் தெரியும். அவன் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவ" என்றேன். "அப்ப ஏன் கதவைச் சாத்தினவ?" என்றான். இறங்கவேண்டிய இடத்தையும் விட்டுவிட்டோம்.

18ஆம் திகதி சனிக்கிழமை அங்கே வருகிறேன். வரவேண்டாம் என்றால் எழுதும். டேர்மினுக்குப் போகவேண்டாம் என்று போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். போகவேண்டாம்.

உம்முடைய,
வின்சன்ற்


பீலெஃபெல்ட்
21.10.2025

அன்பின் வின்சன்ற்,

சனிக்கிழமை நீங்கள் குடித்த கோப்பையைக் கழுவாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

கல்யாணம் முடித்த இருபத்தாறு வருடத்தில் நாங்கள் ஒருநாளும் இப்படி மூன்று மணித்தியாலம் கதைத்ததில்லை. தரிப்பிடத்தில் நின்ற கதையை நீங்கள் வாயால் சொன்னபோது அழுதுவிட்டேன். "மன்னிச்சுக்கொள்ளும்" என்றீர்கள். "எப்பவோ மன்னிச்சாச்சு" என்றேன். அது பொய்யில்லை. அப்போதே சொல்லியிருந்தால் உங்களை ஹம்பேர்க்குக்குப் போகவே விட்டிருக்கமாட்டேன்.

ஆனால் "அப்ப நான் திரும்பி வரட்டே?" என்று நீங்கள் கேட்டீர்கள். என் வாயில் ஓம் என்று வரும் என்றுதான் நானும் காத்திருந்தேன். வரவில்லை. வெறுப்பு என்றால் விளங்கும். அது துளியும் இல்லை. இந்த மூன்று வருடத்தில் நான் சைக்கிள் ஓடப் பழகிவிட்டேன். ஞாயிறுகளில் தனியாகக் காட்டுப் பக்கம் போய் வருகிறேன். திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஒருவரும் இல்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இத்தனை நாளும் உங்களுக்காகக் காத்திருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று டேர்மினுக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டேன். கணவரோடு ஏதாவது தகராறு உண்டா என்று வழக்கறிஞர் கேட்டார். ஒன்றுமில்லை, நல்ல மனிதர் என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் முழுக்க விளங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

இன்று பின்னேரம் கீழே கடிதப்பெட்டியில் இருந்த பெயர்த்தகட்டை மாற்றினேன். இதுவரை உங்கள் பெயரும் அதில் இருந்தது. இனி உறையில் என் பெயரை மட்டும் எழுதுங்கள், வந்து சேரும்.

எழுதுங்கள்.

கிரிஜா